தகடூர்ப் பாலையில் தனியாக மூன்று நாள்: நடுகல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை கிளம்பாதீர்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் அப்படியே. முதல் தடவை நான் போய் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பூட்டிய கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றுவிட்டு, என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் அன்று முழுக்க ஊர் ஊராகச் சுற்றினேன். வயல் ஓரங்களில் ஏழெட்டு நடுகற்களை, அதாவது பூசலில் விழுந்த வீரனுக்காக நட்ட கற்களை, கண்ணால் பார்த்தும் ஒன்றையும் பார்க்காதவனாகத் திரும்பினேன். இந்தப் பயணத்தில் அருங்காட்சியகம் முதலில் வர வேண்டும், வெளிக்கற்கள் அடுத்து வர வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையை வைத்தே எழுதப்பட்டது.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். தருமபுரி அகழ்வைப்பகம், அதாவது அங்குள்ள தொல்பொருள் காட்சியகம், தொல்லியல் துறையுடையது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறையுடையது. துறை வேறு என்பதால் விடுமுறை நாளும் வேறுபடும். முந்தின நாள் இரண்டு இடத்துக்கும் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இரண்டும் திறந்திருக்கிற நாட்களாகப் பார்த்து, செவ்வாயையும் வெள்ளியையும் ஒதுக்கி வைத்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஞாயிறு, திங்கள் சேர்த்துப் போவது என் வழக்கம்.

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயைத் தாண்டியதுமே நிலம் மாறுவது தெரியும். மொட்டைப் பாறைக் குன்றுகள், குன்றடியில் கொள்ளும் ராகியும், சாலை ஓரம் புளியமரம், ஏரி இருக்கும் ஆனால் தண்ணீர் இருக்காது. மணல் மேடு இல்லை, ஒட்டகம் இல்லை. ஆனாலும் தமிழில் இதற்குப் பெயர் பாலைதான். முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் காய்ந்து தன் இயல்பை இழந்தால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். பென்னாகரம் வட்டாரத்தில் பெரும்பாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. 2022-இல் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. பொருள் தேடிப் பாலை வழியே போகிறவர்கள், பேரும் பெருமையும் எழுதி மயில்பீலி சூட்டிய நடுகற்களை வழிதோறும் கண்டதாகச் சங்கப் பாட்டுகள் பாடுகின்றன. அந்த வழிகளில் பல இன்று தார்ச்சாலை ஆகிவிட்டன. கற்கள் பக்கத்து வயலில் நிற்கின்றன. நீங்கள் வண்டியில் போகப்போவது அந்த வழியில்தான்.

கிளம்புவதற்கு முன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் பனி இருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினாலும் தாங்கலாம். ஏப்ரல், மே வேண்டாம். பாறைமேல் கால் வைக்க முடியாது, கோட்டை ஏறவே முடியாது. ஜூனில் மாங்காய் லாரிகள் நிறைந்திருக்கும், ஆனால் மாம்பழத்துக்காகவே போகலாம் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

எந்த வண்டி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 100 சிசி வண்டி போதும். மூன்று நாளைக்கும் சேர்த்து சுமார் 250 கிலோமீட்டர்தான் வரும். பெரிய வண்டியை விட, மாட்டு வண்டிப் பாதையில் இறங்கித் தள்ள முடிகிற வண்டி மேல். செயின், பிரேக், டயர் மூன்றையும் பார்த்துவிட்டு, ட்யூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சர் ஒட்டும் குச்சியும் கைப்பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வயல் வழியில் கருவேல முள் ஏறுவது சாதாரணம். அங்கிருந்து பஞ்சர் கடைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்கடியில் ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். இங்கே பழைய தலைமுறையினர் பலருக்குப் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை அதனால் வந்தது. அதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. இரண்டு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மைதான், ஆனாலும் வயல் பம்புசெட்டில் பாட்டிலை நிரப்பாமல் ஊருக்குள் ‘ஒகேனக்கல் தண்ணி’ என்று கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். கேட்டால் காட்டிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு. கூடவே இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

பையில் இன்னும் சில: ஒரு சின்ன டார்ச் லைட், கோடு போட்ட நோட்டு, பென்சில், 15 செ.மீ. ஸ்கேல், பவர் பேங்க். டார்ச்சும் ஸ்கேலும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், குன்றுகளுக்கு நடுவில் சிக்னல் போய்விடும்.

முதல் நாள்: தருமபுரி

காலையில் கோயில், பத்து மணிக்கு மேல் அகழ்வைப்பகம். கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தருமபுரிக்குள் கோட்டைக் கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள். மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் ஆண்ட நுளம்ப அரசர்களின் காலத்துக் கலை இந்த ஊரில் இங்கேதான் நின்று பார்க்கக் கிடைக்கிறது. மல்லிகார்ஜுனர் மண்டபத்துத் தொங்கும் தூணைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். தூணுக்கும் தரைக்கும் நடுவே துணியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதோடு திரும்பாமல் காமாட்சியம்மன் கோயில் அடித்தளத்தருகே உட்காருங்கள். அங்கே ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்ன உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றால் தெரியாது, உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு நேராக வரும்.

பிறகு அகழ்வைப்பகம். இங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பெரிய கட்டடம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது கற்களை மட்டும்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ராகிக் களி கிடைக்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள். களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டால் மாலை வரை பசிக்காது. முதல் தடவை களி சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் தொட்டு, விழுங்க வேண்டும்.

மூன்று மணிக்கு மேல் அதியமான்கோட்டை. சேலம் சாலையில் எட்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, அந்த நாளைத் தவிருங்கள். எனக்குப் பிடித்தது அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபக் கூரையில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு மேலே பாருங்கள். பிளாஷ் அடிக்க வேண்டாம்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் இது என்பதால் ஒரு தகவலையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவன் கதைப் பாத்திரம் மட்டும் அல்ல. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று அவன் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட குகை, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அசோகரின் கல்வெட்டில் வரும் ‘ஸத்தியபுத்திரர்’ யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்த ஒரு வரி பதில் சொன்னது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், தன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் வார்க்கிற கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறாள். அவனும் கடைசியில் ஒரு நடுகல் ஆனவன்தான். காலையில் அத்தனை கற்களைப் பார்த்துவிட்டு மாலையில் இந்த ஊரில் நிற்கும்போது அந்தக் கேள்வி வேறுமாதிரி கேட்கும்.

கல்லைப் பார்க்கப் பழகுவது

அகழ்வைப்பகத்தில் அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல்வரை நடந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஐந்தே ஐந்து கற்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடம் நில்லுங்கள்.

முதலில் கைகளைப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாளோ அம்போ இருக்கும். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? நடுகல் வீரன் பெரும்பாலும் ஓடுகிற, அல்லது பாய்கிற நிலையில்தான் இருப்பான். அடுத்து உடம்பு. மார்பிலோ தொடையிலோ மெல்லிய கோடுகள் குத்திட்டு நின்றால் அவை தைத்த அம்புகள். ஒரு கல்லில் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணினால்தான் அவன் எப்படி விழுந்தான் என்று புரியும்.

மூன்றாவதாகக் காலடி. மாடு இருந்தால் அது தொறுப் பூசல். தொறு என்றால் மாட்டு மந்தை. பகைவர் ஓட்டிப்போன மந்தையை மீட்கப் போய் விழுந்தவன் என்று பொருள். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற தொடர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். பட்டான் என்றால் இறந்துபட்டான். புலி பாய்கிற மாதிரி இருந்தால் புலிக்குத்திக் கல். ஊருக்குள் வந்த புலியோடு மோதி இறந்தவன். பன்றிக்கும் அப்படியே. தன் தலையைத் தானே அரிகிற உருவம் என்றால் நவகண்டம். பக்கத்தில் ஒரு பெண் உருவமும், வளையலோடு உயர்த்திய கையும் இருந்தால் கணவனோடு தீப்பாய்ந்தவளின் சதிகல். மேலே இரண்டு மூன்று அடுக்காக வெட்டி, நடு அடுக்கில் தேவமகளிர் வீரனைத் தூக்கிப் போவதாகவும், உச்சியில் அவன் தெய்வத்தின் முன் அமர்ந்திருப்பதாகவும் காட்டினால் அந்தக் கல் பிற்காலத்தது. பழைய கல்லில் அடுக்கெல்லாம் இருக்காது. ஒரே ஆள், மேலே நாலைந்து வரி எழுத்து, அவ்வளவுதான். எனக்குப் பழைய கற்கள்மேல்தான் பிரியம். அலங்காரம் குறையக் குறைய அந்த ஆள் கிட்டே வருகிறான்.

எழுத்து வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்துமுறை. முதல் நாளே வாசிக்க வராது, அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். முதல் வரி பெரும்பாலும் ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், பிறகு ‘யாண்டு’ என்று அவன் ஆட்சியாண்டு. ‘மயீந்திரபருமர்’ என்றால் பல்லவன் மகேந்திரவர்மன். அதன்பின் ஊர்ப்பெயர், பூசல், விழுந்தவனின் பெயர், கடைசியில் ‘கல்’. தகவல் பலகையில் கொடுத்திருக்கும் வாசிப்பை நோட்டில் எழுதிக்கொண்டு, ‘கோ’, ‘யாண்டு’, ‘கல்’ என்ற மூன்று சொற்களை மட்டும் கல்லில் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் போதும். பல்லவ அரசவையின் செப்பேட்டில் வருவது அரசனின் புகழ்ச்சி. இந்தக் கல்லில் வருவது மாடு மேய்க்கும் ஊரில் மந்தைக்காக விழுந்த ஓர் ஆளின் பெயர். 1400 வருடத்துக்கு முந்தைய சாதாரண மனிதன் ஒருவன் பெயரோடு நமக்குக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்குக்கூட இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயர் எழுதி, உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சைக் கல்லுக்கு நேராக அடிக்காதீர்கள். பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். வெளியே நிற்கிற கற்களுக்குக் காலை ஏழு மணி வெயிலும் மாலை ஐந்து மணி வெயிலும் இதே வேலையைச் செய்யும். மாவு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் விடுவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது எதுவும் கூடாது. ஒரு கல்லில் யாரோ பெயின்டால் எழுத்தை வரைந்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தப்பாக வரைந்திருந்தார்கள். இனி அந்தக் கல்லைப் பார்க்கிறவர் எல்லோருக்கும் அந்தத் தப்புதான் முதலில் தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம்வரை சிறை உண்டு.

போட்டோ எடுக்கும்போது கல்லுக்கு அருகே ஸ்கேலை வையுங்கள். கல்மேல் சாய்க்க வேண்டாம், தரையில் போதும். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கல் முழங்கால் உயரமா ஆள் உயரமா என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

வழியில் நிற்கிற கல்: வேடியப்பன்

அதியமான்கோட்டை முடிந்ததும் முதல் நாள் மாலையே கிருஷ்ணகிரிக்குக் கிளம்ப வேண்டும். தருமபுரியிலிருந்து காரிமங்கலம், காவேரிப்பட்டினம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் போனால் ஒரு மணி நேரம். நீங்கள் அதில் பாதியையாவது உள்சாலையில் போக வேண்டும். வேடியப்பன் கோயில் எங்கே என்று கேட்டுக்கொண்டே போங்கள். ‘நடுகல்’ என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. ‘வேடியப்பன்’ என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். வேடியப்பன், வேடி என்று பெயர் வைத்த ஆட்கள் இந்தப் பக்கம் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நடுகல்லைத்தான் அந்தப் பெயரில் கும்பிடுகிறார்கள்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கொள்ளு வயல் ஓரத்தில், புளியமரத்தடியில் மூன்று கற்கள். முகம் தெரியாத அளவுக்கு மஞ்சளும் குங்குமமும். நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கேமராவோடு போனபோது ஓர் ஆயா அகல் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கிருந்து கண்ணு வர்ற?”

“சேலம்ங்க ஆயா. இந்தக் கல்லைப் படம் எடுக்கலாங்களா?”

“கல்லா? இவரு வேடியப்பன். மொதல்ல செருப்பைக் கழட்டிட்டு வா.”

கழற்றிவிட்டுப் போனேன். விளக்கேற்றி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: “மாட்டுக்குச் சீக்குன்னா இவருகிட்டத்தான் வருவோம். எங்க பாட்டி காலத்துலருந்து அப்படித்தான். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது சாமி.” மூன்றில் நடுவில் நின்ற கல்லின் அடியில் மஞ்சள் படியாத ஓர் இடத்தில், உள்ளங்கை அளவில், இரண்டு மாடுகள் திமிலோடு தெரிந்தன.

எழுத்து மஞ்சளுக்கு அடியில் இருந்தது. கழுவலாமா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலை சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கும்பிடுவது வரை. அதில் கடைசி இரண்டும் அந்த மரத்தடியில் இன்னும் முடியவில்லை. அருங்காட்சியகத்துக் கல்லில் எழுத்தைப் பார்க்கலாம். வயல் கல்லில் இதைப் பார்க்கலாம். இரண்டையும் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நடைமுறை என்று சுருக்கமாகச் சொன்னால்: வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், செருப்பைக் கழற்றுங்கள், ஆள் இருந்தால் கேளுங்கள், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஒரு சூடக் கட்டியும் தீப்பெட்டியும் பையில் இருந்தால் பேச்சு தானாகத் தொடங்கும். நோட்டில் ஊர், வயலின் பெயர், கல்லின் உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதை எழுதுங்கள். காவல் இல்லாத கல்லின் துல்லியமான இடத்தை இணையத்தில் போடாதீர்கள். புதையல் இருக்கும் என்று நடுகல்லின் அடியைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவாகாத கல் என்று தோன்றினால் போட்டோவோடு தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுதுங்கள்.

காவேரிப்பட்டினத்தை அடுத்த பெண்ணேஸ்வரமடத்தில் தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரர் கோயில். அந்த வளாகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. மாலை வெயிலில் அவற்றைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கிருஷ்ணகிரிக்குப் போய் அறை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கிருஷ்ணகிரி

காலை ஆறு மணிக்குக் கோட்டை அடிவாரத்தில் இருங்கள். ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்பார்கள். ஏற ஒரு மணி நேரம், மேலே ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி. ஒன்பதரைக்குள் கீழே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பாறை அனல் வீசும். பாராமகால் என்று இந்த வட்டாரத்துக்குப் பழைய பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் நிலம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்த இந்தக் கோட்டையை 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை தாக்கியது. கீழே பேட்டையைப் பிடித்தார்கள், மேலே ஏறமுடியவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்க நின்று கீழே பாருங்கள், ஏன் முடியவில்லை என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்து வேலை பார்த்தவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ.

தனியாக ஏறுகிறவர்கள் அடிவாரக் கடையில் சொல்லிவிட்டு ஏறுங்கள். மேலே சுனைகள் இருக்கின்றன, விளிம்பில் பாசி வழுக்கும், இறங்காதீர்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும்.

குளித்துச் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகம். நேற்றைய பழக்கத்தோடு இங்கே நுழைந்தால் கற்கள் தானாகப் பேசும். இந்த மாவட்டத்தில் கன்னட நாட்டுச் சாயல் எப்படிக் கலக்கிறது என்று தருமபுரிக் கற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹொய்சள அரசன் வீர ராமநாதனுக்குத் தலைநகராக இருந்த குந்தாணி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் இன்றும் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். பாலை வழியில் வெயில் நேரத்தில் நடப்பவன் வழிப்போக்கன் இல்லை, அவசரக்காரன்.

மூன்றரைக்கு மல்லசந்திரம். ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் சாமல்பள்ளம் வரை போய் உள்ளே விலக வேண்டும். பாறைக் குன்றின்மேல் கல்திட்டைகள்: நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஓர் இடுதுளை. இரும்புக்கால மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் மக்கள் சொல்வார்கள். சிலவற்றின் உள்சுவரில் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்கள் உண்டு. டார்ச்சை வெளியே வைத்துக்கொண்டு துளை வழியாகப் பாருங்கள். உள்ளே நுழைய வேண்டாம். பாம்பு இருக்கலாம் என்பது ஒன்று, அது ஒருவரின் ஈமச்சின்னம் என்பது இன்னொன்று. கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டம் இது. இந்தக் குன்று இன்னும் குன்றாக நிற்பதே நமக்கு லாபம்.

மயிலாடும்பாறைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பர்கூர் பக்கத்து அந்த ஊரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நாட்டில் இரும்பின் பழமையைப் பற்றிய பேச்சையே அது மாற்றியது. ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவார்கள். முதல் பயணத்தில் அங்கே உங்களுக்குத் தெரியப்போவது குன்றும் முள்ளும்தான். இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: இராயக்கோட்டை வழியாகத் திரும்புவது

மறுபடியும் விடியற்காலைக் கோட்டை. இராயக்கோட்டை மலை ஊருக்கு மேலேயே நிற்கிறது. 1791 ஜூலையில் மேஜர் கவ்டி பிடித்த கோட்டை இது. படிகளும் வாசல்களும் கிருஷ்ணகிரியைவிட நன்றாகப் புரியும். கால் வலித்தால் இரண்டில் இதை மட்டும் ஏறினாலும் போதும் என்பது என் எண்ணம். சாலை ஓரத்தில் தக்காளி மண்டிகள் காலையிலேயே கூடிவிடும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

அங்கிருந்து பாலக்கோடு, பிறகு பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் இறந்த ஊர். சிறையில் தொழுநோய் பிடித்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு, நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து, 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்க அவர் இல்லை. நினைவிடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். மூன்று நாளாகப் பார்த்த கற்களின் வரிசையில் இதையும் சேர்த்துத்தான் நான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

தனியாகப் போகிறவர்கள் கவனிக்க

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் காட்டுச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. மாலை ஐந்துக்கு மேல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே திருப்பாதீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன. அதைப் பகலில் மட்டும் கடந்து போங்கள், லாரிக்கு முன்னால் இறங்காதீர்கள்.

தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு மறுநாள் வழியை அனுப்புங்கள். பெண்கள் தனியாக வருகிறார்கள், வரலாம். அறையை முன்கூட்டியே கிருஷ்ணகிரி, தருமபுரி ஊருக்குள்ளேயே பிடித்து, கோட்டை மட்டும் விடுமுறை நாள் காலையில் மற்றவர்கள் ஏறும் நேரமாகப் பார்த்து ஏறினால் நிம்மதி.

கடைசியாக ஒன்று. படத்தைப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் ஊர்ப்பெயரையும் வீட்டு அடையாளத்தையும் அன்றைக்கே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புளியமரத்தடி ஆயாவுக்கு, விளக்கோடு இருக்கிற வேடியப்பன் படத்தை அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “மாடு தெரியுது பாரு” என்றார்.